கடல்காற்றும் சுருதியும்: வெயில் காலத்தில் சென்னைக்கு மிருதங்கத்தோடு வருபவர்களுக்கு

ராமநவமிக் கச்சேரிகள் பங்குனி, சித்திரையில் வரும். மார்கழியில் வாசித்துப் பழகியவர்களுக்கும் அப்போது சென்னை வேறு ஊர்தான். காலையில் மேற்குக் காற்று வறண்டு அடித்தால் தோல் விறைத்துச் சுருதி ஏறும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் ஈரம் கூடி, வலக்கையால் வாசிக்கும் பக்கமான வலந்தலை சுருதி இறங்கும். பதினோரு மணிக்கு அறையில் சேர்த்த சுருதி மாலை ஆறரைக்கு மேடையில் நிற்காது. வாத்தியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கச்சேரியை ஒத்துக்கொள்ளும்போதே எத்தனை கட்டை, அதாவது பாடுபவரின் சுருதி எது என்று கேட்டுவிடுங்கள். 1, 1½ என்றால் தக்கு, அதாவது தாழ்ந்த சுருதி மிருதங்கம். 5, 5½ என்றால் ஹெச்சு, அதாவது உயர்ந்த சுருதி. ஒரே மிருதங்கத்தை அரைக் கட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் நாதம் கெடும், இழுத்துக் கட்டிய தோல் வாருக்கும், விளிம்பைச் சுற்றிப் பின்னிய மூட்டுக்கும் சேதம்.

பயணத்தில் ஒரே ஒரு தடை: வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் தோல் காய்ந்து இறுகும், வலந்தலை நடுவில் உள்ள கருப்பு வட்டமான கரணையில் விரிசல் விழும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி கோயில் பந்தலில் என்றால், தங்கும் அறையில் ஏசியை நிறுத்திவிட்டு மின்விசிறியோடு இருப்பதே நல்லது. நமக்குக் கஷ்டம்தான், வாத்தியத்துக்குச் சுகம். ஏசி அரங்கம் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், உறையைக் கழற்றி மேடையிலேயே வையுங்கள். பக்கத்து அறையில் சேர்த்துவிட்டு மேடைக்கு வந்தால், முதல் வர்ணம் முடிவதற்குள் சுருதி ஏறிவிடும்.

சுருதி சேர்க்கும்போது மூட்டைச் சுற்றி, வார் கோத்த ஒவ்வொரு கண்ணிலும் மீட்டுப் பாருங்கள். இறங்கிய இடத்தில் புள் என்னும் சின்ன மரத்துண்டை வைத்துக் கல்லால் மிருதங்க உடலின் பக்கமாகத் தட்டினால் ஏறும். அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஓரிடத்தைத் தட்டியதும் அதற்கு நேர் எதிர்ப்புறத்தையும் பாருங்கள், அதுவும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிடச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுவதே நிற்கும். போல்ட் வைத்த மிருதங்கத்துக்கும் இதே முறைதான், ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள்.

இனி இடக்கைப் பக்கமான தொப்பி. இந்த ஊரில் பாதித் தொல்லை அங்கேதான். வெள்ளை ரவையைத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். தொப்பித் தோலை ஈரத்துணியால் துடைத்து, பெரிய எலுமிச்சை அளவு எடுத்து நடுவில் வட்டமாக அப்புங்கள்: நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு. சத்தம் மொத்தையாக, அடைத்தாற்போல வந்தால் ரவை அதிகம். கணீரென்று உயர்ந்து கேட்டால் குறைவு. கிள்ளியும் சேர்த்தும் கீழ் ஸட்ஜத்துக்கு, அதாவது ஒரு ஸ்தாயி கீழே உள்ள ‘ஸ’வுக்குக் கொண்டுவாருங்கள்.

பந்தலில் நமக்காக வைக்கும் பெடஸ்டல் ஃபேன் நேராகத் தொப்பியில் அடித்தால் ரவை காய்ந்து ஓரம் தூக்கும், தனி ஆவர்த்தனம் நடுவே உதிர்ந்து மடியில் விழும். ஃபேனைத் திருப்பச் சொல்லுங்கள். கையோடு சின்னப் பாட்டிலில் தண்ணீர் இருந்தால், பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் விரலால் தொட்டு ஈரப்படுத்திவிடலாம். இந்த வம்பே வேண்டாமென்று சிலர் சிலிகான் ஒட்டிக்கொள்கிறார்கள். பயணத்துக்குச் சௌகரியம்தான், ஆனால் ரவை தரும் கும்கி, அந்த வழுக்கிச் செல்லும் கீழ் நாதம், அதில் வருவதில்லை.

வியர்வைக்குப் பருத்தித் துண்டு இரண்டு. நெற்றியிலிருந்து கரணையில் சொட்ட விடாதீர்கள்; அது கிட்டக்கல் பொடியும் சோறும் சேர்த்து இழைத்தது, ஈரம் பட்டால் பெயரும். பெயர்ந்தால் மறுநாள் கச்சேரிக்குச் சரிசெய்ய முடியாது. அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்து, காயவிட வேண்டிய வேலை அது.

கச்சேரி முடிந்ததும் சாப்பாட்டுக்கு முன் ரவையை வழித்தெடுங்கள். இரவு முழுதும் விட்டால் இந்தப் புழுக்கத்தில் புளித்துப் பூசணம் பிடிக்கும், தோலும் இற்றுப்போகும். துடைத்து அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்ட பிறகே உறையில் போடுங்கள்.