டிபி சார்ட்ல புது கோடர்ஸ் திரும்பத் திரும்ப மாட்டிக்கிற இடங்கள்

மெடிக்கல் கோடிங்ல, அதாவது டாக்டர் எழுதின சார்ட்ட பாத்து நோய்க்கு கோட் நம்பர் போடற வேலையில, புது பேட்ச் ஒண்ணு ப்ரொடக்‌ஷனுக்கு வந்தா போதும், ஆடிட்ல அதே டிபி எரர்ஸ் வரிசை கட்டி வந்துடும், நாங்கல்லாம் சேர்ந்த புதுசுல என்னென்ன பண்ணிட்டு இருந்தோமோ அச்சு பிசகாம அதேதான். டிஜிட் விட்டுப் போறது, கோட் புக்ல அகரவரிசை இண்டெக்ஸ மட்டும் பாத்துட்டு, விதியெல்லாம் இருக்கற டேபுலர் லிஸ்ட் பக்கமே போகாம கோட் போடறது, இதெல்லாம் ட்ரெய்னிங்லயே திட்டி சரி பண்ணிடுவாங்க, அத விடுங்க. கீழ சொல்றது எல்லாமே ஐசிடி-10-சிஎம்ங்கற நோய் கோட் லிஸ்டுக்கு, அதாவது அமெரிக்க சார்ட்டுக்கு.

டெஸ்ட் பாசிட்டிவ்னா உடனே டிபியா?

இன்னிக்கும் இத பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். ஒரு சார்ட் சொல்றேன். முதியோர் கேர் சென்டர்ல வேலைக்கு சேரப்போற பொண்ணு, அதுக்காக ஸ்கின் டெஸ்ட் எடுத்திருக்கு. நர்ஸ் நோட்ல இண்டுரேஷன் (ஊசி போட்ட இடம் தடிச்ச அளவு) 12 மிமீன்னு இருக்கு. செஸ்ட் எக்ஸ்ரே க்ளியர். இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, எடையும் குறையல. டாக்டர் அசெஸ்மெண்ட்ல எழுதினது ரெண்டே வார்த்தை, பாசிட்டிவ் பிபிடி, அதாவது அந்த டிபி ஸ்கின் டெஸ்ட் பாசிட்டிவ். ப்ளான்ல ரிஃபாம்பின் 4 மாசம். இதுக்கு நம்ம ஆள் போட்ட கோட் ஏ15.0, நுரையீரல் டிபி. ஏம்பா இப்படின்னு கேட்டா, "நாலு மாசத்துக்கு மாத்திரை எழுதியிருக்காங்களே சார், நோய் இல்லாமயா எழுதுவாங்க"ன்னு கூலா பதில் வருது.

எழுதுவாங்க. கிருமி உடம்புல தூங்கிட்டு இருக்கற நிலைமையில, பின்னாடி அது நோயா மாறக் கூடாதுன்னுதான் அந்த ரிஃபாம்பின் கோர்ஸே. முழு டிபிக்கு ஆரம்பிக்கற ட்ரீட்மெண்ட் வேற, வழக்கமா ஐசோநயசிட், ரிஃபாம்பின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால்னு நாலு மருந்து சேர்த்து ஆரம்பிச்சு மொத்தமா 6 மாசம் போகும். இது தெரிஞ்சிருந்தா அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனா தெரிஞ்சாலும் தெரியாட்டியும் மருந்த வச்சு நோய கண்டுபிடிக்கறது கோடர் வேலையே இல்ல, டாக்டர் என்ன எழுதியிருக்காரோ அதுக்குத்தான் கோட்.

ஏ15.0 போட்டா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஆக்டிவ் டிபி அங்க எல்லா ஸ்டேட்லயும் ஹெல்த் டிபார்ட்மெண்ட்டுக்கு தெரியப்படுத்த வேண்டிய நோய். நல்லா இருக்கற ஒரு பொண்ணு, வயசானவங்கள பாத்துக்கற வேலைக்கு சேரப்போற நேரத்துல, அவ ரெக்கார்ட்ல தொத்திக்கற வியாதின்னு ஏறுது, இன்ஷூரன்ஸ்காரன் டேட்டாவுலயும் ஏறுது. அப்புறம் கரெக்டட் க்ளைம் அனுப்பலாம்தான், ஆனா ஒரு தடவ வெளிய போனது எங்கெங்க காப்பி ஆச்சுன்னு யாரு போய் துரத்தறது? டினையல் வந்தா, அதாவது இன்ஷூரன்ஸ்காரன் க்ளைம மறுத்தா, பணத்தோட போச்சு, இதுல அடிபடறது ஒரு ஆளு.

அந்த சார்ட்டுக்கு கோட் ஆர்76.11, ஆக்டிவ் டிபி இல்லாம ஸ்கின் டெஸ்ட் ரியாக்‌ஷன். அதே ரிசல்ட் குவான்டிஃபெரான் மாதிரி ரத்த டெஸ்ட்ல வந்திருந்தா ஆர்76.12.

இத மீட்டிங்ல சொன்னதும் அடுத்த வாரமே எல்லாரும் மறுபக்கம் சாஞ்சுட்டாங்க, பாசிட்டிவ்னு கண்ணுல பட்டா போதும், இசட்22.7, அதாவது லேட்டன்ட் டிபி, மேல சொன்ன கிருமி தூங்கிட்டு இருக்கற நிலைமை. அதுவும் தப்புதான். லேட்டன்ட் டிபின்னு டாக்டர் எழுதியிருந்தா மட்டும்தான் அது. ரெண்டையும் சேர்த்துப் போட்டு தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க, இசட்22.7க்கு கீழயே எக்ஸ்க்ளூட்ஸ்1ல, அதாவது கூட சேர்த்துப் போடக் கூடாத கோட் லிஸ்ட்ல, ஆர்76.11, ஆர்76.12 ரெண்டும் இருக்கு. மேல சொன்ன மாதிரி ப்ளான் ஒண்ணு சொல்லுது, அசெஸ்மெண்ட் ஒண்ணு சொல்லுதுன்னா க்வெரி போடுங்க, அதாவது டாக்டர்கிட்டயே எழுதிக் கேளுங்க. க்வெரியிலயும் "இது லேட்டன்ட் டிபிதானே"ன்னு பதில வாய்ல ஊட்டக் கூடாது. ரீடிங், எக்ஸ்ரே, மருந்து மூணையும் வரிசையா வச்சு, எந்த கண்டிஷனுக்கு இந்த மருந்துன்னு கேட்டா போதும்.

இன்னொரு கூத்து, அசெஸ்மெண்ட்ல ஒண்ணுமே இல்லாம நர்ஸ் எழுதின மில்லிமீட்டர மட்டும் பாத்துட்டு தானே பாசிட்டிவ்னு முடிவு பண்றது. ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கும் டிபி பேஷன்ட் கூட சமீபத்துல பழகினவங்களுக்கும் 5 மிமீயே பாசிட்டிவ், ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல வேலை பாக்கறவங்களுக்கு 10, எந்த ரிஸ்க்கும் இல்லாதவங்களுக்கு 15. அப்போ 8 மிமீ என்ன? ஆளப் பொறுத்தது, அத சொல்ல வேண்டியது டாக்டர்.

இருமலோட வந்தா அது ஸ்க்ரீனிங் இல்ல

ஸ்க்ரீனிங்னா நல்லா இருக்கறவங்களுக்கு பண்றது. ராத்திரி வேர்க்குது, சளியில ரத்தம் வருதுன்னு வந்தவங்களுக்கு டிபி டெஸ்ட் எழுதினா அங்க ஸ்க்ரீனிங் கோடான இசட்11.1 கிடையாது, சிம்ப்டம்தான் கோட், ஆர்61, ஆர்04.2 இப்படி. இருமலுக்கு வெறும் ஆர்05 போட்டா 2021 அக்டோபர்லேர்ந்து செல்லாது, அக்யூட்டா க்ரானிக்கான்னு பிரிச்சுட்டாங்க.

இசட்11.1, இசட்11.7

2019 அக்டோபர் 1ல இசட்11.7 வந்துச்சு, லேட்டன்ட் டிபி இருக்கான்னு பண்ற டெஸ்டுக்கு. ஆக்டிவ் டிபிக்கு ஸ்க்ரீன் பண்ணா 11.1. பழைய சீட் ஷீட்ட இன்னும் டெஸ்க்ல ஒட்டி வச்சிருக்கறவங்க எல்லாத்துக்கும் 11.1தான் போடறாங்க, அத முதல்ல கிழிங்க. வீட்ல ஒருத்தருக்கு டிபி, அதனால வந்தேன்னு நோட்ல இருந்தா இசட்20.1 இருக்குங்கறதயும் மறந்துடாதீங்க.

ரிசல்ட் நெகட்டிவ்

ஸ்க்ரீனிங் கோட் அப்படியே நிக்கும்.

"ரூல் அவுட் டிபி"

டிபியா இருக்குமோன்னு சந்தேகம் மட்டும்தான் இது, அவுட்பேஷன்ட்ல இதுக்கு டிபி கோட் போடவே கூடாது. இன்பேஷன்ட்ல டிஸ்சார்ஜ் அப்போவும் "ப்ராபபிள் டிபி"ன்னே இருந்தா இருக்கற மாதிரி கோட் பண்ணலாம். ரெண்டு டீமுக்கும் மாறி மாறி போறவங்க இதுல குழம்பறது வாஸ்தவம்.

முன்னாடி டிபி வந்துச்சு

குணமாகி முடிஞ்சதுன்னா இசட்86.11. லேட்டன்ட் இருந்து கோர்ஸ் முடிச்சதுன்னா இசட்86.15. நுரையீரல் டிபி ஆறிடுச்சு, ஆனா அது விட்டுட்டுப் போன பாதிப்புக்கு இன்னிக்கு வந்திருக்காங்கன்னா, முதல்ல அந்த பாதிப்பு, அப்புறம் பி90.9. மாத்திரை இன்னும் ஓடிட்டு இருந்தா ஹிஸ்டரியே இல்ல, இன்னும் இருக்குன்னுதான் அர்த்தம். டாக்டர் "ஹிஸ்டரி ஆஃப் டிபி"ன்னு எழுதிட்டு மெடிகேஷன் லிஸ்ட்ல எத்தாம்பியூட்டாலும் இருந்தா உடனே க்வெரி.

ஹெச்ஐவி

ஸ்க்ரீனிங்குக்கு இசட்11.4, ரிசல்ட் தெளிவா இல்லன்னா ஆர்75, பாசிட்டிவ் ஆனா சிம்ப்டம் எதுவும் இல்லன்னு டாக்டர் எழுதியிருந்தா இசட்21. ஹெச்ஐவி சம்பந்தப்பட்ட நோய் ஒரு தடவ வந்துடுச்சுன்னா பி20, அதுக்கப்புறம் ஆள் எவ்வளவு நல்லா இருந்தாலும் இசட்21க்கு திரும்பறது கிடையாது. இன்பேஷன்ட்ல "ப்ராபபிள்"னு இருந்தா போடலாம்னு மேல சொன்னேன்ல, அது இங்க செல்லாது, கன்ஃபர்ம் ஆனா மட்டும்தான். ஹெச்ஐவியால வந்த டிபிக்குன்னு அட்மிட் ஆனா பி20 முதல்ல, ஏ15 அடுத்து. மாத்திப் போட்டா ஆடிட்ல கண்டிப்பா மாட்டும், நானே மார்க் பண்ணுவேன்.