வீட்டிலிருந்தே பட்டம் வரை: வேலூர் வட்டார மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பாலிடெக்னிக் ஒன்றில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒடுகத்தூரிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து கேட்பார்கள்: "சார், சென்னைக்கு அனுப்பி ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்க எங்களுக்கு வசதி இல்லை. இங்கேயே படித்தால் இவனால் பட்டம் வாங்க முடியுமா?" முடியும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்த நம் பழைய மாவட்டத்துக்குள்ளேயே, தினமும் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு ஐடிஐயில் தொடங்கிப் பொறியியல் பட்டம் வரை செல்ல வழி இருக்கிறது. ஒரு படிப்பு அடுத்த படிப்போடு எந்த இடத்தில், எந்த நிபந்தனையோடு இணைகிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பாதியில் தவிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தமே இதை எழுதவைக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியில் கையில் கிடைக்கும் சான்றிதழை யார் தருகிறார்கள் என்பதாகும். பாடம் நடத்துவது ஒரு கல்லூரியாக இருக்கலாம். பட்டம் தருவது பல்கலைக்கழகமாகத்தான் இருக்க முடியும். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பல்கலைக்கழகங்களும், அவற்றுக்கு இணையாகச் சட்டம் ஏற்றுக்கொண்ட நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். நம் பகுதிக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பட்டம் தருவது 2002இல் தொடங்கப்பட்டு இப்போது சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்ற கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்திக்கொண்டாலும், பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வரும். பாலிடெக்னிக் டிப்ளமோவை மாநிலத் தொழில்நுட்பக் கல்வித் துறையும், பொறியியல் பட்டத்தை அண்ணா பல்கலைக்கழகமும் தருகின்றன. கடைத்தெருவில் மாடியில் பலகை மாட்டி "ஓராண்டில் டிப்ளமோ" என்று அழைக்கும் இடங்களில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் நேராக வராவிட்டால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

கல்லூரிப் பெயர் தொடர்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். தொரப்பாடியில் உள்ள அரசு பாலிடெக்னிக்குக்கும், பாகாயத்தில் 1990இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரிக்கும் தந்தை பெரியார் பெயரே இருக்கிறது. இரண்டும் அருகருகே இருப்பதால் வெளியூர்க்காரர்கள் ஒன்றின் விண்ணப்பத்தோடு மற்றொன்றின் வாசலில் நிற்பது உண்டு. முன்னது டிப்ளமோவுக்கு, பின்னது பட்டத்துக்கு. நான் சொல்லும் வழியில் நடந்து வருகிற மாணவர் முதலில் அதிலும் பிறகு இதிலும் படிக்க நேரலாம்.

இனி ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நேராகப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் டிப்ளமோவுக்கு மூன்று ஆண்டுகள், அதன் பிறகு பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள், மொத்தம் ஆறு. பன்னிரண்டாம் வகுப்பு வழியாகப் போகிறவருக்கும் இரண்டும் நான்கும் ஆறுதான். ஆகவே டிப்ளமோ வழி சுற்றுவழி என்று சொல்வது தவறு. ஓராண்டுகூட அதிகமாவதில்லை, நடுவில் குடும்பச் சூழ்நிலை மாறினாலும் வேலைக்குப் போகத்தக்க ஒரு தகுதி கையில் இருக்கும். ஐடிஐயில் தொடங்கினால் அங்கே இரண்டு ஆண்டுகள், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள், பொறியியலில் மூன்று ஆண்டுகள் என்று ஏழாகும். அந்தக் கூடுதல் ஓராண்டுக்கு ஈடாகக் கைத்தொழில் ஒன்று முழுமையாகப் படிந்திருக்கும். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித் தேறிய பிள்ளைக்கு நான் பெரும்பாலும் இந்த ஏழாண்டு வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் லேத் இயந்திரத்தில் அளவெடுத்துப் பழகியவனுக்குத் தசமப் புள்ளியின் பயம் தானாக விலகுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐடிஐயில் எந்தத் தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் போன்றவை இரண்டாண்டுப் பிரிவுகள். வெல்டர், கணினி இயக்குநர் போன்றவை ஓராண்டில் முடிகின்றன. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இரண்டாண்டுப் பயிற்சி தேவை. சீக்கிரம் முடியும் என்று ஓராண்டுப் பிரிவில் சேர்ந்த பிள்ளை, பிறகு மேலே படிக்க ஆசைப்பட்டால் பாலிடெக்னிக்கில் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஐடிஐ முடித்தவர் கலைக் கல்லூரிப் பக்கம் திரும்ப விரும்பினால் அதற்கும் வாசல் உண்டு: பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் அது மேல்நிலைக் கல்விக்கு இணையாக ஏற்கப்படுகிறது. பயிற்சிக் காலத்திலேயே இந்த இரண்டு தாள்களுக்கும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிடுவது நல்லது.

இந்த ஏணியில் கால் வழுக்குகிற படி கணிதம். டிப்ளமோ முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேருகிறவர் மூன்றாம் பருவத்தில் நுழைகிறார். முதலாண்டு மாணவர்கள் இரண்டு பருவங்களில் படித்துவிட்ட அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவற்றை அவர் அந்த ஆழத்தில் படித்திருக்க மாட்டார். ஆனால் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் மூன்றாம் பருவக் கணிதமோ ஃபூரியே தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று அந்த அடித்தளத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. பணிமனையில் முதல் மதிப்பெண் வாங்கிய என் மாணவர்கள் பலர் அந்தப் பருவத்தில் இந்த ஒரு தாளில் அரியர் வைத்துவிட்டு மனமுடைந்து வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. இரண்டு பருவப் பாடம் இடையில் விட்டுப்போயிருந்தது, அவ்வளவே.

இதற்கு மருந்து டிப்ளமோ இறுதித் தேர்வுக்கும் பொறியியல் வகுப்பு தொடங்குவதற்கும் இடைப்பட்ட கோடை விடுமுறையில் இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் இயற்கணிதமும் முக்கோணவியல் வாய்பாடுகளும். அடுத்த மூன்று வாரம் வகையிடல், தொகையிடல் கணக்குகளைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலிருந்து வரிசை தவறாமல் போடுவது, குறிப்பாகப் பகுதித் தொகையிடல் கை தானாக எழுதும் அளவுக்கு வர வேண்டும், ஏனென்றால் ஃபூரியே கெழுக்களைக் கண்டுபிடிப்பதில் அந்த ஒரு வேலைதான் திரும்பத் திரும்ப வரும். மீதி நாட்களில் பொறியியல் முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை ஒரு சீனியரிடம் கேட்டு வாங்கி எளிய கணக்குகளை மட்டும் செய்து பாருங்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆங்கிலக் கலைச்சொற்கள் மீதான அச்சமும் சேர்ந்தே குறையும். ஐடிஐயிலிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

கலை, அறிவியல், வணிகவியல் படிக்க விரும்புவோருக்கு இந்த வட்டாரம் மிகவும் கொடுத்துவைத்தது. 1898ஆம் ஆண்டைச் சேர்ந்த வேலூர் ஊரிசுக் கல்லூரியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்திருக்கிறார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலும், காட்பாடி காந்தி நகரில் பெண்களுக்கான ஆக்ஸிலியம் கல்லூரி 1954இலும் தொடங்கப்பட்டன. அரசுக் கல்லூரிகளாக வேலூர் முத்துரங்கம், குடியாத்தம் திருமகள் ஆலை, வாலாஜாபேட்டை அறிஞர் அண்ணா மகளிர் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: ஒரே கட்டடத்தில், ஒரே பெயருள்ள பாடத்துக்கு உதவிபெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் இருக்கலாம், கட்டணம் இரண்டுக்கும் வெகுவாக வேறுபடும். சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். காலை, பிற்பகல் என்று இரண்டு சுழற்சிகளாக நடக்கும் கல்லூரிகளில், பிற்பகல் சுழற்சி முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து உண்டா என்பதையும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் படிப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. பத்தாம் வகுப்பும், பன்னிரண்டாம் வகுப்பும் அல்லது அதற்கு இணையான டிப்ளமோவும் முறையாக முடித்த பிறகு பெறும் பட்டத்தையே தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கு ஏற்கிறார்கள். நடுப்படியைத் தாண்டிக் குதித்துப் பெற்ற பட்டம் அங்கே செல்லாது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. தமிழ் வழியில் படித்த அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் இப்போது இதில் அடக்கம். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ மூன்றுக்கும் இது பொருந்தும். தொலைநிலைப் படிப்புக்குக் கிடையாது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்தால், கலந்தாய்வு வழியாகப் பொறியியலில் சேரும்போது முதல் பட்டதாரி சலுகை கற்பிப்புக் கட்டணத்தைக் குறைக்கும். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் தாய்மார் பலருக்குத் தெரியாத ஒன்று, பதிவு பெற்ற பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறை தனியே கல்வி உதவித்தொகை தருகிறது என்பது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் முடிவுகள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகு கல்லூரிகள் திருப்பித் தந்துவிட வேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவுறுத்தல். என் தங்கை மகன் ஒரு கல்லூரியில் சேர்ந்து இரண்டே வாரத்தில் கலந்தாய்வில் வேறிடம் கிடைத்துப் போக விரும்பியபோது, சான்றிதழைத் திருப்பித் தர முழு ஆண்டுக் கட்டணம் கேட்டார்கள். எழுதிக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். ஆகவே எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், எல்லாவற்றிலும் ஐந்து நகல் எடுத்து வையுங்கள்.

வீட்டிலிருந்து படிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. ஹாஸ்டல் மாணவனை யாரும் ரேஷன் கடைக்கு அனுப்புவதில்லை. வீட்டிலிருக்கும் பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, எல்லா வேலைக்கும் கூப்பிடுவார்கள். காலையில் பேரணாம்பட்டில் பேருந்து ஏறி வேலூர் வந்து போகிற மாணவிக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. பெற்றோரிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்று: மாலை ஏழு முதல் ஒன்பது வரை அந்தப் பிள்ளையை எதற்கும் எழுப்பாதீர்கள். மாணவர்களுக்கு, வகுப்பு முடிந்ததும் உடனே பேருந்து ஏறாமல் கல்லூரி நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்து அன்றைய பாடத்தை முடித்துவிட்டுக் கிளம்பும் வழக்கத்தைச் சொல்வேன். பயண நேரம் வாசிப்புக்கு உதவும். கணக்குப் போட உதவாது.

டிப்ளமோ முடித்ததும் இராணிப்பேட்டை பெல் போன்ற ஆலைகளில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போகலாமா, நேரே பட்டப்படிப்பில் சேரலாமா என்று கேட்கிறார்கள். வீட்டில் பணத் தேவை இருந்தால் பயிற்சிக்குப் போவதில் தவறில்லை. அப்படி இல்லையென்றால் நேரே சேர்வதே என் பரிந்துரை, ஏனென்றால் ஓராண்டு இடைவெளியில் கணிதம் துருப்பிடித்துவிடுகிறது. நேரடி இரண்டாம் ஆண்டுக்கான மாநிலக் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வருகிறது. கடைசிப் பருவத் தேர்வு எழுதும் நாட்களிலேயே அதற்கான அறிவிப்பு வந்துவிடலாம் என்பதால், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பாகாயம் அரசு கல்லூரியை முதலில் வையுங்கள். சேர்க்கை உறுதியாவதற்குள் டிப்ளமோவின் எல்லாத் தாள்களிலும் தேறியிருக்க வேண்டும். ஐந்தாம் பருவத்தில் விட்ட ஒற்றை அரியரால் ஓராண்டையே இழந்தவர்கள் உண்டு. ஆகையால் அரியர் இருப்பவர் விண்ணப்பத்தை நிரப்பும் அதே நாளில் அந்தத் தாளுக்கான புத்தகத்தையும் திறந்துவிட வேண்டும்.