வள்ளத்தை ஓடவிட்டு இறகுத் தூண்டிலில் அயிலை பிடிக்க

என்ஜினை அணைத்து, காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) இழுக்கிற பக்கம் வள்ளத்தை விட்டு, இறகு கட்டிய தூண்டிலை இறக்கி, அயிலை என்ற கானாங்கெளுத்தி மீனைப் பிடிக்கும் முறை இது. இரை தேவையில்லை. நரம்பு (தூண்டில் கட்டும் நைலான் இழை) செங்குத்தாக நின்றால் போதும், மீதியை அயிலை பார்த்துக்கொள்ளும்.

ஈயம் தொங்கும் தாய்நரம்பு 0.7 மில்லிமீட்டர் தடிமன், தூண்டில் தொங்கும் கிளைநரம்பு 0.4. கிளையின் நீளம் 8 முதல் 10 சென்டிமீட்டர், கிளைக்குக் கிளை 30 சென்டிமீட்டர். இடைவெளி இதைவிடக் குறைந்தால் தூண்டில்கள் ஒன்றோடொன்று சிக்கும். ஆறு தூண்டில் போதும். சேவலின் வெள்ளைக் கழுத்து இறகை, தூண்டிலில் நரம்பு கட்டும் காதுக்குப் பக்கத்திலிருந்து ஏழெட்டுச் சுற்று நூலால் இறுக்கிக் கட்டுங்கள். வளைவைத் தாண்டி அரை விரல் நீட்டியிருந்தால் சரி. நீண்டுவிட்டால் மீன் இறகின் நுனியை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள். உலர்ந்த நரம்பு உராய்வில் சூடாகி, முடிச்சிலேயே அறும். அடியில் 150 கிராம் ஈயம். ஐந்து பாகத்துக்கு (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஒரு வண்ண நூல் கட்டினால், மீன் கடித்த ஆழத்துக்கே மறுபடி இறக்கலாம்.

மீன் கூடும் கடலடிப் பாறையான பாரைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் இருந்தாலும் கணியம், அதாவது கரை அடையாளங்களை வைத்து இடம், பார்க்கப் பழகுங்கள். முட்டம் கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் ஒரு மலையுச்சியும் ஒரே கோட்டில் வரட்டும். பக்கவாட்டில் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் தென்னந்தோப்பையும் சேர்த்து இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடமே பார். அதற்கு நூறு மீட்டர் முன்பே, காற்று வரும் பக்கத்தில் என்ஜினை நிறுத்துங்கள். பாரின் மேலே என்ஜின் ஓடினால் கூட்டம் கலைந்துவிடும்.

வள்ளம் குறுக்காக ஓடும்போது, காற்று வரும் பக்கத்திலேயே தூண்டில் போடுங்கள். மறுபக்கம் போட்டால் நரம்பு வள்ளத்துக்கு அடியில் போய் உரசும். கச்சான் (மேற்குக் காற்று) பலமாக அடித்தால் வள்ளம் தண்ணீரைவிட வேகமாக ஓடும். நரம்பு சாய்ந்து, தூண்டில்கள் கூட்டத்துக்கு மேலே வந்துவிடும். அப்போது கோணிச்சாக்கின் வாயை விரித்து, அடியில் சிறு ஓட்டையிட்டு, அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கம்) மூன்று பாகம் கயிற்றில் கட்டி, வேகம் குறையத் தண்ணீரில் விடுங்கள். பின்புறத்தில் கட்டவே கூடாது, அலை உள்ளே ஏறிவிடும். சாக்குக்கயிற்றில் நரம்பு சிக்காமலிருக்க நடுவிலிருந்து பிடியுங்கள். அப்படியும் பாதிக்கு மேல் சாய்ந்தால் இன்னொரு 100 கிராம் ஈயம்.

ஒரு முழம் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடிக்கும். முதல் மீன் கடித்ததும் ஐந்தாறு விநாடி பொறுத்தால் மற்ற தூண்டில்களிலும் ஏறும். அதற்குமேல் விட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். இழுக்கும்போது தளர்த்தாதீர்கள்; அயிலையின் வாய் மெல்லியது, கிழிந்த ஓட்டை வழியே தூண்டில் கழன்றுவிடும்.

நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளவே வேண்டாம். கூட்டத்துக்குக் கீழே நெய்மீனோ (வஞ்சிரம்) பாரை மீனோ இருந்தால் விரலை அறுத்துவிடும். கிளைநரம்பு கத்தரித்ததுபோல வெட்டுப்பட்டு வந்தால், அது நெய்மீனின் பல். அடுத்த இறக்கத்தில் கம்பி முனையோடு தனித் தூண்டில் ஒன்று போட்டுப் பாருங்கள்.

பிடித்ததை உடனே பனிக்கட்டியில் போடுங்கள், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி. வெயிலில் கிடந்த அயிலை உடம்பில் தடிப்பையும் அரிப்பையும் கிளப்பும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.