பின்னால் விங் பூட்டுவதற்கு முன்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வரும் தம்பிமார் பலருக்கும், தங்கள் காருக்கும் பின்னால் ஒரு பெரிய விங் (காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) பூட்ட ஆசை வந்துவிடுகிறது. ஆசைப்படுவதில் பிழையில்லை. விங்கை மட்டும் பூட்டுவதுதான் பிழை.

நம் பக்கம் ஓடும் சின்னக் கார்களில் அநேகமானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. இழுப்பதும் அதுதான், திருப்புவதும் அதுதான். விங்கோ பின் அச்சையும் தாண்டி நிற்கிறது. காற்று அதை அழுத்த அழுத்த, முன்பக்கத்தின் பாரம் குறையும். வேகத்தில் வளைக்கும்போது ஸ்டியரிங் பிடி கொடுக்காது. பின்னால் கூட்டினால் முன்னாலும் கூட்டத்தான் வேண்டும். அதற்கு முன் பம்பருக்கு அடியில் ஸ்ப்ளிட்டர் என்ற தட்டையான பலகை வரும். அதைப் பிளாஸ்டிக் பம்பரில் திருகாமல் காரின் உடற்சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். விங்கும் அப்படித்தான்: பூட்டிய பிறகு கையால் அமுக்கிப் பாருங்கள், டிக்கி மூடி நெளிந்தால் அந்த வேலை சரியில்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 100 கிலோமீற்றரில் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்குகூட 40இல் கிடைக்காது. றம்பொடை வளைவுகளில் அந்த விங் வெறும் சுமைதான். அதோடு, 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தியும் கடற்கரையை விட ஆறில் ஒரு பங்களவு குறைவு.

அடுத்தது, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது. இதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயம். தோட்டத்து ரோட்டுக் குழியில் சஸ்பென்ஷன் முட்டி நின்றுவிட்டால் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அந்த நேரத்தில் எந்த விங்கும் கை கொடுக்காது. பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் மூக்கு நிமிர்ந்து, காற்று முன்பக்கத்தைத் தூக்கவும் வழியாகும்.

விங்கைச் செங்குத்தாக நிமிர்த்தினால் அழுத்தம் கூடும் என்று நினைக்காதீர்கள். ஓர் அளவுக்கு மேல் காற்று அதன் அடிப்பக்கத்தை விட்டுப் பிரிந்துவிடும். பிறகு மிஞ்சுவது காரைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடையும் பெற்றோல் செலவும்தான். அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஒட்டி, பின்னால் வரும் வாகனத்திலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல் நேராகப் படிந்திருந்தால் நல்லது. கண்டபடி சுழன்றால் கோணத்தைக் குறையுங்கள், அல்லது கூரையின் பின்னால் சுழலும் காற்றுக்கு வெளியே விங்கை உயர்த்துங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டயர், ஷொக், வீல் அலைன்மென்ட் மூன்றையும் கராஜில் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். சாமான் ஏற்றும் வேலையில்லாத நாளில் கூரை ராக்கைக் கழற்றி வையுங்கள், அதுவும் காற்றைக் குழப்பும்.