கிரீன் ஸ்கிரீன் நீக்கம்: முதலில் மேட்டைப் பாருங்கள்

பச்சைத் திரைக் காட்சி கைக்கு வந்ததும் பலரும் பச்சையை நீக்கும் கீயிங் நோடைப் (நோட் என்பது ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) போட்டு, பச்சையைத் தொட்டு, கலர் படத்தைப் பார்த்தே திருப்திப்பட்டுவிடுகிறார்கள். தவறுகள் எல்லாம் ஒளிந்திருப்பது மேட்டில். ஆள் வெள்ளையாகவும் பின்னணி கருப்பாகவும் தெரியும் படம்தான் மேட். எல்லா முடிவையும் அதைப் பார்த்தே எடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதால் பிளெண்டர் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். நியூக், ஃபியூஷன், நேட்ரான் என எந்த மென்பொருளானாலும் நோட்களின் பெயர்தான் மாறும்.

1. கம்போசிட்டரில் (படங்களை ஒன்றுசேர்க்கும் பகுதி) காட்சியைக் கொண்டுவந்து கீயிங் நோடில் இணையுங்கள். கீ கலரை, அதாவது நீக்க வேண்டிய நிறத்தை, ஆளின் தலைமுடிக்குப் பக்கத்தில் உள்ள பச்சையிலிருந்து எடுங்கள். திரையின் ஓரத்தில் வெளிச்சம் குறைந்திருக்கும். அங்கே எடுத்த பச்சை முடிக்கு ஒத்துவராது.

2. மேட் வெளியீட்டை வியூவரில் இணையுங்கள். பின்னணியில் சாம்பல் புகை போலத் தெரிந்தால் கிளிப் பிளாக்கை (இந்த அளவுக்குக் கீழுள்ள சாம்பலைக் கருப்பாக்கும்) 0-விலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆளுக்குள் சாம்பல் இருந்தால் கிளிப் வொயிட்டை (இந்த அளவுக்கு மேலுள்ள சாம்பலை வெள்ளையாக்கும்) 1-லிருந்து இறக்குங்கள்.

இங்கேதான் கை பொறுமையாக இருக்க வேண்டும். படத்தை 100 சதவீத அளவில் வைத்து நெற்றியோர முடியைப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் சாம்பலாகத் தெரியும். அந்தச் சாம்பல் குறையல்ல. பின்னணி முடி வழியே பாதி தெரிய வேண்டும் என்பதன் அடையாளம். கிளிப்பை இழுத்துக்கொண்டே போனால் இழைகள் மறைந்து, கத்தரியால் வெட்டிய அட்டை போலத் தலை நிற்கும்.

அப்படியென்றால் பளபளப்பான சட்டையில் பச்சை பட்டு, நெஞ்சில் ஓட்டை விழுந்தால்? அதை கிளிப் வொயிட்டால் அடைக்காதீர்கள். உடலுக்கு உள்ளேயே, ஓரத்தைத் தொடாமல் ஒரு மாஸ்க் (கையால் வரையும் வடிவம்) வரைந்து, கட்டாயம் இருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் கோர் மேட்டில் இணையுங்கள். லைட் ஸ்டாண்ட் போன்றவற்றை நீக்க, ஆளைச் சுற்றித் தாராளமாக மாஸ்க் வரைந்து, இன்வெர்ட் செய்து (வெள்ளையைக் கருப்பாகவும் கருப்பை வெள்ளையாகவும் மாற்றி) கார்பேஜ் மேட்டில் கொடுங்கள். அதில் வெள்ளையாக இருப்பதெல்லாம் போய்விடும். இப்போது கீயிங் நோடின் வேலை ஓரம் மட்டும்தான்.

3. ஓரம் படிக்கட்டு போலத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் வீடியோ கோப்புதான். 4:2:0 முறையில் பதிவான வீடியோவில் 4 பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். கீயிங் நோடில் உள்ள ப்ரீ ப்ளர் வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மென்மையாக்கும். சிறிய எண் போதும். நீலத் திரையில் இது இன்னும் உதவும். பெரும்பாலான கேமரா சென்சார்களில் பச்சைப் புள்ளிகளில் பாதிதான் நீலப் புள்ளிகள், அதனால் நீலத்தில் இரைச்சல் கூடுதல்.

4. தோளிலும் கழுத்திலும் பச்சைச் சாயல் இருக்கும். டெஸ்பில் அதை எடுக்கும். தோல் ஊதா பக்கம் சாய ஆரம்பித்தால் கூடிவிட்டது, குறையுங்கள்.

5. சரி, இனி ஆளைப் பின்னணியின்மேல் வைக்கும் ஆல்ஃபா ஓவர் நோட். உங்கள் பின்னணியை வைப்பதற்கு முன் ஒரு தட்டையான சாம்பல் நிறத்தின்மேல் ஆளை வைத்துப் பாருங்கள்; கருப்புக் கோடும் பச்சைக் கோடும் அதில் தப்பாது. அப்புறம் மேட்டை மட்டும் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை ஓடவிடுங்கள். கை வேகமாக வீசும் ஃபிரேம்களில் விரல்கள் பாதி மறைந்திருந்தால், கிளிப் வொயிட்டை மறுபடி கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.