வெள்ளை அம்பாசடரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பழத்தட்டையோ பூச்சாடியையோ முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். அவற்றைவிடப் பழைய கார் நல்ல ஆசான் என்பது என் உறுதியான எண்ணம். வளைந்த தகடு, குரோம், கண்ணாடி, ரப்பர், புழுதி படிந்த சாலை என, ஓவியம் பழகுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பரப்புகள் அத்தனையும் அந்த ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருக்கின்றன.

இந்தச் செய்முறைக்கு நான் எடுத்துக்கொள்வது வெள்ளை அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரித்த கார் இது. அத்தனை ஆண்டுகளிலும் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை என்பதால் நம் எல்லோருக்கும் அது மனப்பாடம். வரைவதில் சிறு பிழை நேர்ந்தாலும் பார்ப்பவர் கண்ணில் உடனே பட்டுவிடும். கற்பவருக்கு அத்தகைய பொருள்தான் வேண்டும். வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மெருகேற்றிய வெள்ளைத் தகடு தன் நிறத்தைவிடச் சுற்றியிருப்பவற்றின் நிறத்தையே அதிகம் காட்டும். அதைக் காணக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

வேண்டிய பொருட்கள்

ஜெஸோ (வண்ணம் பிடிப்பதற்காகப் பூசும் வெள்ளை அடித்தளப் பூச்சு) பூசிய 18 × 24 அங்குலக் கேன்வாஸ் ஒன்று. டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, காட்மியம் சிவப்பு ஆகிய ஆறு டியூப்கள் போதும். கறுப்பு டியூப் வாங்க வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும், அதை நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ நகர்த்தவும் முடியும். தட்டையான பன்றிமுடித் தூரிகைகள் இரண்டு, மென்மையான சிறு தூரிகைகள் இரண்டு, டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய், பழைய பருத்தித் துணி ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கிறது. மடிப்புகளுக்குள் அந்தச் சூடு தேங்கினால் துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்க வையுங்கள். டர்பன்டைன் ஆவி உடலுக்கு ஆகாது என்பதால் சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

படி 1: ஒளிப்படம் எடுத்தல்

காலை ஏழு, எட்டு மணி வெயில் நல்லது. கார் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் தெரியுமாறு நிற்கட்டும். அருகில் நின்று கைப்பேசியில் எடுத்தால் முன்சக்கரமும் ஹெட்லைட்டும் பூதாகரமாகி, பின்பக்கம் சுருங்கிவிடும். எட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கேமராவை உங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்தால் காருக்கு ஒரு கம்பீரம் வரும். பம்பர், கிரில், ஹெட்லைட், சக்கரம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரில்லின் வடிவம் மாடலுக்கு மாடல் மாறியிருக்கிறது என்பதால், ஒரு காரின் உடலுக்கு மற்றொரு காரின் முகத்தைப் பொருத்திவிடக் கூடாது.

படி 2: அளவும் சக்கரமும்

கேன்வாஸைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் காரின் நேர்ப் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து பழகுங்கள். டயரின் விட்டத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை ஏறத்தாழ மூன்றே முக்கால் டயர். காரின் முழு நீளம் ஏறத்தாழ ஆறரை டயர். உயரம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. அம்பாசடரைத் தாழ்வாகவும் நீளமாகவும் வரைந்துவிடுவதே பலரும் செய்யும் பிழை. அது உயரமான கார். அதன் கூரை ஒரு கவிழ்த்த கிண்ணம்போல எழுந்து இறங்குகிறது.

அடுத்து, எடுத்த ஒளிப்படத்தைக் கேன்வாஸில் பெயர்த்து வரைய வேண்டும். கட்டங்கள் போட்டுப் பெயர்க்கலாம், புரொஜெக்டர் வைத்தும் செய்யலாம். அப்படிச் செய்வது ஏமாற்று என்று சிலர் தயங்குகிறார்கள். கலிபோர்னியாவின் குடியிருப்புத் தெருக்களில் நிற்கும் சாதாரணக் கார்களைத் தீட்டிப் பெயர்பெற்ற ராபர்ட் பெக்டில், தாம் எடுத்த ஸ்லைடுகளைக் கேன்வாஸில் ஒளிவீழ்த்தித்தான் வரைந்தார். கோடு எங்கிருந்து வந்தது என்பது பெரிதல்ல, அதன்மேல் வண்ணத்தை எப்படி வைக்கிறோம் என்பதே பெரிது.

சக்கரங்களை மட்டும் பெயர்த்த பிறகு மீண்டும் சரிபாருங்கள். சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகிறது. அதன் குறுகிய அச்சு, சக்கரத்தைத் தாங்கும் இரும்பு அச்சின் திசையிலேயே அமைய வேண்டும். அதோடு நீள்வட்டத்தின் இரு முனைகளும் உருண்டிருக்க வேண்டும், எலுமிச்சம்பழத்தின் முனைபோலக் கூராகிவிடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் கார் தரையில் நிற்காது.

படி 3: அடிப்பூச்சு

பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்த்துக் கேன்வாஸ் முழுவதும் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளைக் காரை வெள்ளைக் கேன்வாஸில் தொடங்கினால் எந்த நிறமும் இருண்டதாகவே தெரியும். செம்பழுப்புத் தளம் அந்த மயக்கத்தைத் தீர்க்கும். அது காய்ந்தபின் பர்ன்ட் அம்பரை மட்டும் மெல்லியதாகக் கரைத்து நிழல்களைக் குறியுங்கள்: காரின் அடிப்பகுதி, சக்கர வளைவின் உட்புறம், கிரில்லின் இடுக்குகள், கண்ணாடிக்குப் பின்னுள்ள இருட்டு. பர்ன்ட் அம்பர் விரைவில் காயும் நிறம், ஆகவே இரண்டு மூன்று நாட்களில் அடுத்த வேலைக்குப் போகலாம்.

இங்கே எண்ணெய் வண்ணத்தின் அடிப்படை விதியைச் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த கீழ்ப்பூச்சு காய்வதற்குள் அதன்மேல் எண்ணெய் குறைந்த பூச்சு இறுகிவிட்டால், நாளடைவில் மேற்பரப்பு வெடிக்கும். முதல் பூச்சுக்கு டர்பன்டைன், இரண்டாவதற்கு டியூபிலிருந்து வந்தபடியே வண்ணம், கடைசிப் பூச்சுக்குச் சில துளி ஆளிவிதை எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வெள்ளைத் தகடு

சாம்பல் நிற அட்டையில் பயறு அளவு துளையிட்டு, அதன் வழியாகக் காரின் கூரையையும் கதவையும் மாறி மாறிப் பாருங்கள். வானத்தை நோக்கிய கூரையும் பானெட்டும் நீலம் கலந்த வெள்ளை. நிழற்பக்கக் கதவு நாம் நினைப்பதைவிட மிகவும் இருண்ட சாம்பல். அதே கதவின் கீழ்ப்பகுதி, வெயில் பட்ட சாலையின் ஒளி ஏறி, மங்கிய காவி நிறமாக இருக்கும். இந்த மூன்றையும் தட்டில் தனித்தனிக் குவியலாகக் கலந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள். டியூபிலிருந்து வரும் தூய வெள்ளை இந்தக் கட்டத்தில் எங்குமே வரக் கூடாது. தூரிகையைத் தகட்டின் வளைவு செல்லும் திசையிலேயே இழுத்தால், மட்கார்டின் உருட்சி பாதி தானாகவே வந்துவிடும்.

படி 5: குரோம்

குரோமுக்கென்று ஒரு நிறம் கிடையாது. நான் முதலில் தீட்டிய பம்பரில் வெள்ளையிலிருந்து சாம்பலுக்குப் படிப்படியாகக் குழைத்துக்கொண்டு போனேன். கிடைத்தது மங்கிய அலுமினியக் குழாய்தான். பிறகு ஒரு நாள் காலையில், தெருவோரம் நின்ற அம்பாசடரின் பம்பர் முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தேன். மேல் விளிம்பில் உச்சிவானத்தின் அடர்நீலம். கீழே வர வர அது வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாகிறது. சட்டென ஒரு கரிய கோடு: எதிர்வரிசை வீடுகளும் வேப்பமரங்களும் விரற்கடை அகலத்துக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. அதன்கீழ் சாலையின் வெதுவெதுப்பான மண்நிறம், நடுவே கறுப்புத் திட்டாக நான். கடைசியில் காரின் சொந்த நிழல்.

இந்த வரிசையை அப்படியே தீட்டுங்கள். கரிய கோட்டின் மேல்விளிம்பைக் குழைக்கவே கூடாது. மிக வெளிறிய நிறமும் மிக இருண்ட நிறமும் இடைவெளியின்றி ஒட்டி நிற்பதுதான் உலோகத்தைப் பளபளக்க வைக்கிறது. ஹெட்லைட்டைச் சுற்றிய குரோம் வளையத்திலும் இதே வரிசை வளைந்து வரும். கிரில்லில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக எண்ணித் தீட்ட முயலாதீர்கள். முழுவதையும் இருட்டாக நிரப்பி, ஒளி விழும் கம்பிகளை மட்டும் மேலே வைத்தால் போதும்.

படி 6: கண்ணாடி, டயர், நிழல்

முன்கண்ணாடியில் முதலில் உள்ளே தெரிவதைத் தீட்டுங்கள்: இருக்கையின் மேல்விளிம்பு, ஸ்டியரிங்கின் வளைவு. முன்னிருந்து பார்க்கையில் ஸ்டியரிங் நமக்கு இடப்பக்கம் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அது நன்கு காய்ந்தபின், சிறிது வெள்ளையும் நீலமும் கலந்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வானத்தின் பிரதிபலிப்பை மேலே மெல்லத் தடவுங்கள். டயர் கறுப்பல்ல, புழுதி ஏறிய பழுப்புச் சாம்பல். உண்மையான கருமை டயர் தரையைத் தொடும் இடத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த இடம் எவ்வளவு இருண்டதோ அவ்வளவு எடை காருக்குக் கிடைக்கும்; அங்கிருந்து விலக விலக நிழலின் ஓரம் மென்மையாகட்டும்.

படி 7: கடைசி ஒளிப்புள்ளிகள்

இரண்டாம் பூச்சு விரலில் ஒட்டாத அளவுக்குக் காய, ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இரண்டு வாரம்கூட ஆகலாம். அதன்பின் தூய வெள்ளையைச் சிறு தூரிகையின் நுனியில் தடிப்பாக எடுத்து, சூரியன் நேராகத் தெறிக்கும் இடங்களில் மட்டும் வையுங்கள். பானெட்டின் மடிப்பில் ஒன்று, ஹெட்லைட் வளையத்தில் ஒன்று, பம்பரின் முனையில் ஒன்று. ஐந்தாறுக்கு மேல் போனால் எதுவுமே மின்னாது.

வார்னிஷ் பூசக் குறைந்தது ஆறு மாதம் காத்திருங்கள். வெளியே காய்ந்தாலும் உள்ளே எண்ணெய் இறுகிக்கொண்டுதான் இருக்கும். அதுவரை ஓவியத்தை நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள சுவரில் மாட்டி வையுங்கள். பீரோவுக்குள் இருட்டில் வைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளித்துப்போகும். நீலமும் காவியும் பார்த்துப் பார்த்துக் கலந்த வெள்ளையில்தான் அந்த மஞ்சள் முதலில் தெரியும்.