லித்தியம் மைக்கா: நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள்

கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்து மார்லகல்லாவில் லித்தியம் இருக்கிறது என்ற செய்தி வந்த பிறகு, கொள்ளிடத்து மணலில் மினுக்கும் காக்காய்ப்பொன்னை, அதாவது மைக்காவைக் காட்டி இதுவும் லித்தியமா என்று கேட்கும் மாணவர்கள் தஞ்சாவூர், திருச்சி பக்கம் பெருகிவிட்டார்கள். மார்லகல்லாவும் காவிரிப் படுகைதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் அங்குள்ள பெக்மடைட்டில் (பெரிய படிகங்கள் கொண்ட தீப்பாறையில்) முக்கியமான லித்தியக் கனிமம் ஸ்போடுமீன். அது மைக்காவே இல்லை. தவிர, மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதியை 1934 முதல் மேட்டூர் அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் ஆற்று மணலில் பொன்னிறமாகத் தெரிவது பெரும்பாலும் வெயிலிலும் நீரிலும் சிதைந்து நிறம் மாறிய பயோடைட் என்ற கறுப்பு மைக்காதான்.

டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல். பெக்மடைட் பார்க்கக் கரூர், காங்கேயம் பக்கம் போகவேண்டும். அங்கே போனதும் பலர் செய்கிற தவறு, ரோஜா நிறத்தைக் கண்டவுடன் குறிப்பேட்டில் லெப்பிடோலைட், அதாவது லித்தியம் மைக்கா என்று எழுதிவிடுவது. அந்த நிறத்தைத் தருவது லித்தியம் அல்ல, பெரும்பாலும் மாங்கனீசு. ரோஜா நிற மஸ்கோவைட்டும் (லித்தியம் முக்கியமாக இல்லாத சாதாரண வெள்ளை மைக்கா) உண்டு, சாம்பல் நிற லெப்பிடோலைட்டும் உண்டு. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தகடு தகடான ஆல்பைட்டும் (சோடியம் ஃபெல்ட்ஸ்பார்) பச்சை, இளஞ்சிவப்பு டூர்மலினும் சேர்ந்திருந்தால் நம்பிக்கை வைக்கலாம். கறுப்பு டூர்மலினும் பயோடைட்டும் மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம்.

ஆய்வகத்தில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகக் கவலை. எண்களாக வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி லித்தியத்தைக் காட்டாது; எலக்ட்ரான் கற்றையால் சிறு புள்ளிகளை அளக்கும் வழக்கமான எலக்ட்ரான் மைக்ரோபுரோபும் அப்படித்தான். அது தெரியாமல் கனிமத்தின் வேதி வாய்பாடு கணக்கிட்டால் என்ன ஆகும்? லெப்பிடோலைட் வரிசையின் ஒரு முனையான ட்ரைலித்தியோனைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வாய்பாட்டில் எண்முக இடங்கள் (படிகத்தில் ஆறு அணுக்கள் சூழ்ந்த இடங்கள்) மூன்றில் லித்தியம் 1.5, அலுமினியம் 1.5. லித்திய ஆக்சைடு எடையில் சுமார் 5.6 சதவீதம். இந்த லித்தியத்தை விட்டுவிட்டு, மைக்காவுக்கு வழக்கமான 11 ஆக்சிஜனுக்குக் கணக்குப் போட்டால் சிலிக்கன் 3.2 ஆக ஏறும், எண்முக அலுமினியம் 1.9 ஆகிவிடும். பார்ப்பதற்கு அசல் மஸ்கோவைட்! அளந்தவற்றின் கூட்டுத்தொகை நூறு சதவீதத்துக்குக் குறைவதையும் கனிமத்திலுள்ள நீர் என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். பொட்டாசியம் ஒன்றைத் தாண்டுகிறதா, ஃபுளூரின் அதிகமா என்று பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். அப்புறம், ஆக்சிஜன் இடத்தில் ஃபுளூரின் இருப்பதைச் சரிசெய்ய, ஃபுளூரின் அளவை 0.421 ஆல் பெருக்கிக் கூட்டுத்தொகையிலிருந்து கழிக்கவும் மறக்காதீர்கள்.

மாதிரியைக் கரைக்க லித்தியம் போரேட் உருக்கியைப் பயன்படுத்திவிட்டு அதிலேயே லித்தியம் அளப்பதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் சோடியம் பெராக்சைடால் கரைக்கச் சொல்லுங்கள்.

பொட்டாசியம்-ருபிடியம் விகிதம் குறைந்தால் பாறைக்குழம்பு படிகமாகிப் படிகமாகி முதிர்ந்தது என்றுதான் பொருள், லித்தியம் உண்டு என்று அல்ல. ருபிடியத்தை 1861-இல் புன்சனும் கிர்ஹாஃபும் கண்டெடுத்தது லெப்பிடோலைட்டில்தான். ஆனாலும் ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்ய முடியாது. நடுவில் மஸ்கோவைட், விளிம்பில் லெப்பிடோலைட் என்று ஒரே தகடு மாறுவதும் உண்டு. அதனால் பொடியாக்கி அளப்பதற்கு முன்னால், மையத்திலிருந்து விளிம்புவரை லேசர் ஐசிபி-எம்எஸ்ஸில் (லேசரால் துளித்துளியாகப் பெயர்த்துத் தனிமங்களை அளக்கும் கருவியில்) சில புள்ளிகளாவது அளந்துவிடுங்கள்.